சொங்கா மக்களும் அவர்தம் மொழியும்: ஜூனோவின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

1912, 1913ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக ஆங்கிலத்தில் வெளிவந்த ‘தென்னாபிரிக்கக் குலமொன்றின் வாழ்க்கை’ என்னும் நூல், ஆபிரிக்க மக்கட் கூட்டமொன்றைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் இன்றும் ஒதுக்கிவிட முடியாத ஒன்றாகும். அதன் ஆசிரியரான ஹென்றி அலெக்சாந்தர் ஜூனோ (1863–1934) சுவிற்சலாந்தின் நொய்சத்தெல் மாநிலத்தவர்; மிஷனரி; இலக்கண ஆசிரியர்; வண்ணத்துப்பூச்சிகளைத் தேடிப்பிடித்து வகைப்படுத்துவதில் தீராத ஈடுபாடு கொண்டவர். வண்ணத்துப்பூச்சி இனமொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மானிடவியல் பயில்வோர்க்கு இந்நூல் வேறொரு வழியில் அறிமுகமாகியிருக்கும். தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் உள்ள உறவு குறித்து றட்கிளிஃப் பிறவுண் 1924இல் வெளியிட்ட பிரசித்திபெற்ற கட்டுரை, ஜூனோ திரட்டித் தந்த செய்திகளைக் கொண்டே ஜூனோவின் முடிபை மறுத்தது. மருமகன் மாமன் வீட்டிற் கேளாமலே உணவெடுத்துண்ணும் உரிமையைப் பண்டைத் தாய்வழிச் சமூகத்தின் எச்சமாக ஜூனோ கண்டார். தாயிடத்துள்ள பரிவு தாயின் உடன்பிறந்தானிடத்தும் நீளுவதே அது என்றார் றட்கிளிஃப் பிறவுண்.

அவ்வழக்கை மீண்டும் விசாரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நூலின் தலைப்பிலுள்ள ‘ஒன்று’ என்னும் சொல்லே இங்கு நம் கவனத்துக்குரியது. தலைப்பு ‘குலமொன்று’ என்கின்றது. நூலைத் திறந்து சில பக்கங்கள் செல்லுமுன்னரே, இம்மக்களிடையே தாம் ஓரினத்தவர் என்னும் உணர்வு உண்மையிற் காணப்படவில்லை என்று ஆசிரியர் ஒப்புக்கொள்கின்றார். அவர்களை இணைப்பன ஒரு மொழியும் சில வழக்கங்களுமே என்பது அவர் கூற்று. அதற்கும் மேலே சென்று, அங்குள்ள குடிகள் வெவ்வேறு திசைகளிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தவை என்றும், வந்தோர் அங்கு முன்னரே வழங்கிய மொழியைத் தமதாக்கிக்கொண்டனர் என்றும் வாதிடுகின்றார். ஆகவே மக்களை ஒருமையிற் சுட்டுவதற்கு அவரிடமுள்ள வலிய சான்று மொழியே. அம்மொழி ஒன்றாகியது எவ்வாறு என்று கேட்பின் நூல் விடை தருவதில்லை. அவ்விடையில் ஜூனோவுக்கே பெரும் பங்குண்டு என்பதுதான் இங்கு சுவையான செய்தி.

சொங்கா மொழி பேசுவோர் மொசாம்பிக்கின் தெற்குப் பகுதியிலும், தென்னாபிரிக்காவின் வடகிழக்கிலும், சிம்பாப்வேயின் தென்கிழக்கு மூலையிலும் வாழ்கின்றனர். தென்னாபிரிக்காவில் மட்டும் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 23 இலட்சம் பேர் இதனைத் தாய்மொழியாகக் கூறினர். மபுட்டோ நகரைச் சூழ்ந்து வழங்குவது றொங்கா; அதற்கு வடக்கே காசா மாகாணத்தில் ஷங்கானா; இன்னும் வடக்கே இன்யம்பானேப் பகுதியில் த்ஸ்வா. பாந்து மொழிகளை வகுத்த கத்றி இவற்றை ஒரே தொகுதியில் வைத்தார். ஒருவர் பேச்சை மற்றவர் பெரும்பாலும் விளங்கிக்கொள்வர். (சாம்பியாவின் தொங்கா மக்களும் பசிபிக் தீவான தொங்காவும் இவர்களோடு தொடர்பற்றவை. நூலகப் பட்டியல்களில் இவை ஒன்றோடொன்று கலந்து கிடப்பதுண்டு. தேடுவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.)

இனி, பெயர்களை நோக்குவோம். இம்மக்களுக்கு வழங்கிய பொதுப்பெயர்களுள் அவர்களே தமக்கு இட்டுக்கொண்டது எதுவுமில்லை. ‘தொங்கா’ என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கிலிருந்து படையெடுத்து வந்த இங்குனியர் இட்ட பெயர் என்றும், கிழக்கு எனப் பொருள்படும் ‘றொங்கா’ என்னும் சொல்லின் திரிபாக அது இருக்கலாம் என்றும் ஜூனோ கருதினார். வென்றோர் வாயில் அச்சொல் அடிமை என்னும் இழிபொருளையும் ஏற்றுக்கொண்டது. ‘குவம்பா’ என்பது திரான்சுவாலின் வடபகுதியில், கிழக்கிலிருந்து அகதிகளாக வந்து குடியேறியோரை அயலவரான வெண்டா, பெடி மக்கள் அழைத்த பெயர். ‘ஷங்கான்’ என்பதோ சொஷங்கானே என்னும் இங்குனித் தளபதியின் பெயரிலிருந்து வந்தது. சூளு மன்னன் ஷாக்காவிடம் இந்துவாந்துவே அரசு தோற்றபின் வடக்கே பெயர்ந்து காசா அரசை நிறுவியவன் அவன். அவன் அடக்கி ஆண்ட மக்கள் காலப்போக்கில் அவன் பெயராலேயே அறியப்பட்டனர். அயலான் இட்ட பெயர், வென்றவன் இட்ட பெயர், வென்றவனின் பெயர் ஆகிய மூன்றிலிருந்தே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்த மக்களின் மொழி பற்றியதே நம் விசாரணை.

போல் பெர்த்தூ, ஏர்னெஸ்ற் குறோ என்னும் இரு சுவிஸ் மிஷனரிமார் 1875இல் திரான்சுவாலின் வடக்கே ஸ்பெலொங்கென் மலைப்பகுதியில் வல்தேசியா என்னும் நிலையத்தை நிறுவினர். அவர்கள் லெசொத்தோவிற் பணியாற்றிய பின் அங்கு வந்தவர்கள். உடன்வந்த ஆபிரிக்க உபதேசிமார் சொத்தோ மொழியினர். ஆகவே சொத்தோ மொழியிலேயே போதிக்கலாம் என எண்ணினர். அது பயன்படவில்லை. சூழ வாழ்ந்த அகதிகள் வேறொரு மொழியைப் பேசினர்; அதுவும் பல ஊர்களிலிருந்து ஓடிவந்து ஓரிடத்திற் கலந்தோரின் பேச்சு. அக்கலப்பையே மிஷனரிமார் ‘குவம்பா’ எனப் பெயரிட்டு எழுதத் தொடங்கினர். 1883இல் அதன் முதல் நூல் அச்சேறியது. வேதப் பகுதிகளும் ஞானப்பாடல்களும் அடங்கிய அந்நூலை மக்கள் ‘புகு’ என்றே அழைத்தனர். முதல் நூலின் பெயரே இரவற்சொல்லாய் அமைந்தது கவனிக்கத்தக்கது.

அதற்குப் பின் நிகழ்ந்ததை மிஷன் வரலாறுகள் பக்தியோடு கூறும். மொழி வரலாற்றாசிரியர் அதனைப் போதியளவு பொருட்படுத்துவதில்லை. யோசேஃபா மலமலா என்னும் ஆபிரிக்க உபதேசி 1882இல் ஸ்பெலொங்கெனிலிருந்து கிழக்குக் கரையோரத்துக்குச் சென்று, இன்றைய மபுட்டோவுக்கு வடக்கேயுள்ள றிக்கட்லாவிற் சமயப்பணி தொடங்கினார். அவருடைய சகோதரி லோயிஸ் அப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர். 1887இல் போல் பெர்த்தூ அங்கு போய்ச் சேர்ந்தபோது, வெள்ளையர் துணையின்றியே ஒரு சபை உருவாகியிருந்தது. கரையோரத்தார் றொங்கா பேசுவோர். புகுவிலிருந்த மொழியோ மலைநாட்டுக் கலப்பு மொழி. எனினும் அவர்கள் அதனைப் படித்தனர். இலக்கணம் எழுதப்படுவதற்கு முன்னரே, எல்லைகள் வரையப்படுவதற்கு முன்னரே, தம் பேச்சிலிருந்து சற்று வேறுபட்ட எழுத்துமொழி ஒன்றைத் தமதாகக் கொண்டு வாசித்தோர் இருந்தனர் என்பதே இதன் பொருள். இக்கட்டுரையிற் பின்னர் இச்செய்திக்கு மீண்டும் வருவோம்.

ஜூனோ 1889இல் றிக்கட்லாவுக்கு வந்தார். அக்காலத்தில் மிஷனரிமாரிடையே மொழி குறித்து ஒரு சச்சரவு மூண்டிருந்தது. போலின் இளைய சகோதரரான ஹென்றி பெர்த்தூ சிறந்த மொழியறிஞர். பெருநிலப்பரப்பு முழுவதையும் சுற்றிப் பேச்சு வேறுபாடுகளை ஆராய்ந்தவர். எல்லார்க்கும் ஒரே எழுத்துமொழி போதும் என்பது அவர் நிலைப்பாடு. கரையோரத்தில் நிலைகொண்ட ஜூனோவோ, றொங்கா தனிமொழியே என்றும் அதற்குத் தனி நூல்கள் வேண்டுமென்றும் வாதாடினார். 1896இல் றொங்கா இலக்கணம், 1897இல் றொங்கா மக்களின் பாடல்களும் கதைகளும், 1898இல் ‘றொங்கா மக்கள்’ என்னும் இனவரைவு நூல் என அடுத்தடுத்துப் பிரெஞ்சு மொழியில் அவர் வெளியிட்டவை எல்லாம் இத்தனித்தன்மையை நிலைநாட்டுவன. முடிவில் ஜூனோவின் கட்சி வென்றது. வடக்கத்திய வழக்கில் முழு விவிலியம் 1907இல் வெளிவந்தது. றொங்காவுக்கு வேறாக 1923இல் வெளிவந்தது. வாதத்தின் மேற்பரப்பில் ஒலியியலும் உருபனியலும் இருந்தன. அடித்தளத்தில் மலைநாட்டு நிலையம், கரையோர நிலையம் என்னும் இரு மிஷன் கிளைகளின் போட்டியும், ஒரு பக்கம் பிரித்தானியரும் போயரும், மறுபக்கம் போர்த்துக்கேயரும் வகுத்துக்கொண்ட எல்லையும் இருந்தன என்பதை மறுத்தற்கில்லை.

ஆயின் 1898இல் றொங்கா மக்களைத் தனியே பிரித்து நூலெழுதியவரே 1912இல் றொங்காவை ஆறு கிளைகளுள் ஒன்றாக அடக்கி, அனைத்தையும் ‘தொங்கா’ என்னும் ஒரே குலமாக்கி நூலெழுதினார். இடையில் அவர் திரான்சுவாலின் ஷிலுவானே நிலையத்திற் பணியாற்றியமையும், அங்கு வடகிளையினரோடு பழகியமையும் இம்மாற்றத்துக்குக் காரணமாகலாம். அறிவு விரிந்தமையைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரே மனிதர் பதினைந்து ஆண்டுக்குள் இருவேறு இடங்களிற் கோடு கிழித்தபின்னும், ஒவ்வொரு முறையும் அக்கோடு இயற்கையிலேயே இருந்ததாகத் தோன்றும்படி எழுதியமைதான் விமர்சனத்துக்குரியது. வண்ணத்துப்பூச்சியை வகைப்படுத்துவோன் புதிய மாதிரி கிடைத்ததும் பட்டியலைத் திருத்துகிறான். பூச்சி அதனை அறியாது. மொழி அவ்வாறன்று. பட்டியல் அச்சேறிப் பாடசாலைக்குப் போய், பிள்ளையின் வாயில் வந்து அமர்ந்துவிடுகின்றது.

அம்மொழியின் இயல்பு பற்றிச் சிறிது கூறுதல் தகும். பெயர்களை உயர்திணை, அஃறிணை என இருவகையாகக் கண்டு பழகிய நமக்குப் பாந்து மொழிகளின் பெயர் வகுப்புகள் வியப்பளிக்கும். ஒவ்வொரு பெயரும் முன்னொட்டினால் தன் வகுப்பைக் காட்டுவதோடு, வாக்கியத்தின் ஏனைச் சொற்களையும் தன்னோடு இயைந்து நிற்கச் செய்யும். ‘முன்ஹு’ மனிதன், ‘வன்ஹு’ மனிதர், ‘வுமுன்ஹு’ மனிதத்தன்மை. மொழிப் பெயருக்கு முன் வருவது ‘ஷி’ என்னும் ஒட்டு. ‘முலுங்கு’ என்றால் வெள்ளையன். ‘ஷிலுங்கு’ என்றால் வெள்ளையர் மொழி, வெள்ளையர் நடைமுறை என்னும் இரண்டும். அவ்வாறே ஷிசொங்கா என்பதில் மொழியும் வழக்கமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. மிஷன் செய்ய முற்பட்டதோ இவ்விரண்டையும் பிரிப்பது: மொழியை வைத்துக்கொண்டு வழக்கத்தை மாற்றுவது. அம்மொழியின் இலக்கணமே அதற்கு இடந்தரவில்லை என்று சொல்லத் தோன்றுகின்றது.

ஒலிக்குறிப்புச் சொற்கள் அம்மொழியின் தனிச்செல்வம். விழுதல், நழுவுதல், பளிச்சிடுதல், மெல்ல நடத்தல் என ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சொல்லுண்டு. ஐரோப்பிய இலக்கண வகைகளுள் அடங்காத இவற்றை ஜூனோ ஒதுக்காது தனியே எடுத்து ஆராய்ந்து, மொழியின் உயிர்ப்பு இவற்றிலேயே இருப்பதாக உணர்ந்தெழுதினார். பிற மிஷன் இலக்கணங்கள் பலவற்றைப் புரட்டியோர் இதன் அருமையை அறிவர்.

நூலின் சிறப்பும் இங்குதான் தொடங்குகின்றது. ஜூனோவுக்குக் கேட்கும் செவி இருந்தது. தமக்குச் செய்தி சொன்னோரைப் பெயரற்ற ‘சுதேசிகள்’ ஆக்காது, தொபானே, மன்கேலு, எலியாஸ் எனப் பெயர் சுட்டி, ஒவ்வொருவரின் அறிவெல்லையையும் குணவியல்பையும் குறித்துச் செல்கின்றார். மன்கேலு இங்குனா குடியைச் சேர்ந்த மருத்துவர், கிறித்தவத்தை ஏற்காதவர், ஆயினும் நூலில் அவர் மீதுள்ள மதிப்பு வெளிப்படையானது. குறி பார்க்கும் எலும்புகள் பற்றிய பகுதியைப் படிப்போர், மூடநம்பிக்கை எனத் தள்ளத் தொடங்கிய மிஷனரி, அம்முறையின் ஒழுங்கில் மெல்ல மெல்ல ஈர்க்கப்படுவதைக் காண்பர்.

கதைகள் பற்றிய பகுதி அனைத்திலும் சிறந்தது. கதை சொல்வோரிற் பெரும்பாலார் பெண்களும் சிறுவருமே. இரவில் மட்டுமே கதை சொல்லலாம். பகலிற் சொன்னால் தலை வழுக்கையாகும் என்பது நம்பிக்கை. முயல், ஆமை, தவளை முதலிய சிற்றுயிர்கள் யானையையும் சிங்கத்தையும் ஏமாற்றி வெல்வதே பல கதைகளின் பொருள். குலத்தலைவனின் அதிகாரத்துக்கு எதிராக வாய்திறக்க முடியாத சமூகத்தில், வலியோர்க்கு எதிராக எளியோர் மறைமுகமாக எழுப்பும் குரலாக இக்கதைகளை ஜூனோ கண்டார். நாட்டாரிலக்கியத்தைச் சூரியபுராணத்தின் சிதைவாகவும் ஆதிமனிதனின் குழந்தைத்தனமாகவும் பலர் விளக்கிக்கொண்டிருந்த காலத்தில், அதனைச் சமூக அதிகாரத்தோடு இணைத்துப் பார்த்தமை பெரிய விடயம். ஆனால் அவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். கதையிலுள்ள யானை குலத்தலைவன் மட்டுமா? அக்கதைகள் அவர் காதில் விழுந்த அதே ஆண்டுகளில், 1894இல், றொங்காத் தலைவர்கள் போர்த்துக்கேயரின் லொரென்சோ மார்க்கேசு நகரைத் தாக்கினர். 1895இல் காசா அரசன் ங்குங்குன்யானே சிறைபிடிக்கப்பட்டு அசோறஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டு, 1906இல் அங்கேயே இறந்தான். யானைகள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. கதை கேட்ட சிறுவரும் அதனை அறிந்திருப்பர்.

நூலின் அடிப்படைக் குறை இங்கிருந்து புலனாகின்றது. விற்வாற்றர்ஸ்ராண்டிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டது 1886இல். ஜூனோ வந்திறங்கியது 1889இல். அவர் ஆபிரிக்காவிற் கழித்த ஒவ்வொரு நாளும் சுரங்கத்தின் நாளே. சுரங்கத் தொழிலாளருட் பெரும் பங்கினர் தென்மொசாம்பிக்கிலிருந்து சென்றோர். ஊரின் இளைஞர் ‘ஜோனி’ என அவர்கள் அழைத்த ஜொகனஸ்பேர்க்குக்குப் போவர். ‘மகயிசா’ எனப் பெயர்பெற்றுத் திரும்புவர். கொண்டுவந்த கூலியால் மணப்பரிசம் கொடுப்பர். 1909இற் போர்த்துக்கல் திரான்சுவாலுடன் செய்த உடன்படிக்கை, ஆட்களைத் திரட்டும் உரிமையை ஒரு புறமும் துறைமுகத்துக்கான புகையிரதப் போக்குவரத்தை மறுபுறமும் வைத்துப் பேரம் பேசியது. உழைப்பே ஏற்றுமதிப் பண்டமாகிய சமூகத்தை, பிறப்பிலிருந்து இறப்புவரை கிராமத்துக்குள்ளேயே சுழன்று முடியும் வாழ்க்கையாக ஜூனோவின் நூல் வரைகின்றது. மணப்பரிசம் பற்றி நீண்ட அதிகாரம் உண்டு. அப்பரிசம் மாடுகளிலிருந்து மண்வெட்டிக்கும் மண்வெட்டியிலிருந்து தங்கப் பவுணுக்கும் மாறியமை கூட உண்டு. அப்பவுண் எந்த நிலத்தடியிலிருந்து வந்தது என்பது இல்லை. சுரங்க விடுதிகளில் ஆடவரிடையே நிலவிய உறவுகள் பற்றிய செய்தி நூலின் உடலில் இடம்பெறாது, பின்னிணைப்பிற் பழியுரையாகத் தள்ளப்பட்டுள்ளது. (ஒழுக்கத்துக்கு ஒவ்வாதன எனக் கருதிய வேறு சில குறிப்புகளை அவர் இலத்தீனில் எழுதி மறைத்தார். மிஷன் பாடசாலையிற் படித்த சொங்கா இளைஞன் ஆங்கில நூலைப் படித்தாலும் தன் ஊர் வழக்கத்தின் அப்பகுதியை அறிய இலத்தீன் கற்க வேண்டியிருந்தது.)

ஜூனோ சுரங்கத்தை அறியாதவர் என்று கூற இயலாது. 1911இல் அவர் ‘சிஜி’ என்றொரு நாவலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். மூதாதையர் வழக்கு, மிஷன் வாழ்வு, வெள்ளையர் நாகரிகம் ஆகிய மூன்று உலகங்களினூடாக இளைஞன் ஒருவனை அது கொண்டுசெல்கின்றது. ஆய்வு நூலிற் புகவிடாததைப் புனைகதையிற் புகவிட்டார் என்பதே இதன் பொருள். அறிவியலுக்கு உரியது மாறாத குலம். கதைக்கு உரியது மாறும் மனிதன். இப்பாகுபாட்டை ஜூனோ தாமே கண்டுபிடிக்கவில்லை. அக்கால மானிடவியலின் முழு நோக்கும் அதுவே. ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் பிறைஸ் 1895இல் லொரென்சோ மார்க்கேசுக்கு வந்தபோது, உரோமர் ஒருவர் தம் காலத்துக் கெல்த்தியரின் வாழ்க்கையை எழுதி வைத்திருந்தால் நாம் எவ்வளவு நன்றியுடையோராய் இருப்போம் என்று கூறியதே இந்நூலுக்கு வித்து என ஜூனோ சொல்வார். அவ்வுவமையைச் சற்று ஊன்றி நோக்கினால், எழுதப்படும் மக்கள் அழியப்போகின்றவர் அல்லது முற்றாக மாறப்போகின்றவர் என்னும் முடிபு எழுதத் தொடங்குமுன்னரே செய்யப்பட்டுவிட்டமை தெரியும்.

அண்மைக் காலத்தில் ஜூனோவை மறுவாசிப்புச் செய்தோருள் முதன்மையானவர் வரலாற்றாசிரியர் பற்றிக் ஹறீஸ். ‘மரபின் கண்டுபிடிப்பு’ என்னும் கருத்து ஹொப்ஸ்பாம், றேஞ்சர் ஆகியோரின் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பால் பரவியிருந்த சூழலில், 1988இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சொங்கா என்னும் தனிமொழியும் தனியினமும் மிஷனரிமாரின் வகைப்பாட்டிற் பிறந்தவை எனச் சான்றுகளோடு காட்டியது. 2007இல் வெளிவந்த அவரது நூல் ஜூனோவின் வண்ணத்துப்பூச்சிகளையும் இனவரைவையும் ஒரே அறிவுமுறையின் இரு முகங்களாக ஆராய்கின்றது. அவரது உழைப்பு பெரிது. எல்லைகள் செய்யப்பட்டவை என்பதை இனி எவரும் மறுக்கவியலாது.

எனினும் எல்லை செய்யப்பட்டது என்பதும் மொழி செய்யப்பட்டது என்பதும் ஒன்றல்ல. மிஷனரியே அம்மொழியை ஆக்கினான் என்னும் முடிபு, மிஷனரியே அதனைக் காப்பாற்றினான் என்னும் பழைய பெருமிதத்தைத் தலைகீழாக நிறுத்துவதேயன்றி வேறன்று. இரண்டிலும் செயற்படுவோன் ஐரோப்பியனே. யோசேஃபாவையும் லோயிசையும் நினைவிற் கொள்க. புகுவைக் கரையோரத்துக்குச் சுமந்து சென்றோர் ஆபிரிக்கர். தம் ஊர்ப்பேச்சல்லாத எழுத்தைத் தமதென ஏற்றோர் ஆபிரிக்கர். அதே ஆண்டுகளில் சுரங்க விடுதிகளிற் காசாவினரும் றொங்காவினரும் ஒரே கூரையின்கீழ்ப் படுத்துப் பேசிப் பழகினர். ‘ஷங்கான்’ என்று கங்காணிகள் அவர்கள் அனைவரையும் ஒருமித்து அழைத்தனர். அப்பெயரை அவர்களும் பயன்படுத்தத் தொடங்கினர். நடந்தோரும் வாசித்தோரும் உழைத்தோரும் தொடுத்த இழைகளின் மீதே இலக்கண ஆசிரியரின் கோடு விழுந்தது. இவ்விழைகளை ஜூனோ காணவில்லை. ஜூனோவை மறுக்கும் வாதமும் இவற்றுக்கு உரிய இடத்தை அளிக்கவில்லை என்பதே என் கருத்து.

பின்னைய வரலாற்றைச் சுருக்கமாகவே இங்கு கூறலாம். சொங்கா மொழியின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் ‘சசவோனா’ 1938இல் வெளிவந்தது, ஆசிரியர் டி. சி. மரிவாத்தே, வல்தேசியாவின் ஆசிரியர். வெளியிட்டது சுவிஸ் மிஷன். இனவொதுக்கல் ஆட்சியில் ஆபிரிக்க மொழிப் பிரசுரம் பாடசாலைச் சந்தையை நம்பியே நின்றது. அதிகாரிகள் அங்கீகரித்த நூலே நூலாயிற்று. வளர்ந்தோர்க்கான வாசிப்பு அம்மொழியில் வளராமற் போனதற்கு மொழியின் வறுமை காரணமன்று. 1973இல் சொங்கா மக்களுக்கெனக் கசான்குலு என்னும் தன்னாட்சித் ‘தாயகம்’ உருவாக்கப்பட்டது. காசா என்னும் பெயர் சொஷங்கானேயின் மூதாதையுடையது. அடிமைப்படுத்தியோனின் குலப்பெயரே தாயகத்தின் பெயராயிற்று. அதன் முதலமைச்சரான ஹட்சன் ந்த்சன்விசி சொங்கா மரபுத்தொடர்களைத் தொகுத்த மொழியறிஞர். ‘மசுங்கி’ என்னும் நாவலின் ஆசிரியர். பல்கலைக்கழகப் பேராசிரியராய் இருந்தவர். அவர் பெயரளவிலான சுதந்திரத்தை ஏற்க மறுத்தார் என்பதும் சொல்லப்பட வேண்டும். தலைப்பிலிருந்த ‘ஒன்று’ நிர்வாகப் படத்தில் நிறந்தீட்டப்பட்ட பகுதியாகியது. 1994இல் கசான்குலு மறைந்தது. 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஷிசொங்காவை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது.

எல்லைக்கு அப்பால் நிகழ்ந்தது நேர்மாறு. 1920இற் காசாவில் ஒரு குலத்தலைவனின் மகனாகப் பிறந்து சுவிஸ் மிஷன் பாடசாலையிற் படித்த எதுவார்தோ மொண்ட்லானே 1962இல் விடுதலை முன்னணியான ஃபிறெலிமோவின் முதல் தலைவரானார், 1969இற் கொலையுண்டார். அவருடைய இளமைக் காலத்தை ‘சித்லாங்கோ’ என்னும் புனைபெயரிற் கூறும் நூலொன்று, மிஷனரி கிளேர்க்கின் துணையுடன், 1946இற் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஜூனோவின் நூலில் ‘அவர்கள்’ எனப்பட்டோர் இங்கு ‘நான்’ என்று பேசத் தொடங்குகின்றனர். ஆனால் பேசும் மொழி இன்னும் அவர்களுடையதன்று. ஃபிறெலிமோ இன ஒற்றுமையின் பொருட்டுப் போர்த்துக்கேய மொழியைத் தேர்ந்தது. 1975இற் பெற்ற சுதந்திரத்துக்குப் பின்னும் பாடசாலை மொழி அதுவே. 1993–1997இல் காசாவில் நடந்த பரிசோதனையின்போதே ஷங்கானா வகுப்பறைக்குள் முறையாக நுழைந்தது. தென்னாபிரிக்காவில் மொழியை வைத்து மக்களைப் பிரித்தனர். மொசாம்பிக்கில் மக்கள் பிரிந்துவிடுவர் என அஞ்சி மொழியை வெளியில் நிறுத்தினர். இரு கொள்கைக்கும் அடியிலுள்ள நம்பிக்கை ஒன்றே: மொழி என்றால் இனம் என்னும் ஜூனோவின் சமன்பாடு.

இச்சமன்பாட்டை இலக்கியத்திற் குலைத்தோர் போர்த்துக்கேய மொழியில் எழுதியோரே என்பது விந்தை. ஹோசே கிறவெய்றின்யாவின் தாய் றொங்காப் பெண். 1964இல் வந்த அவருடைய முதற் கவிதைத் தொகுதி ‘ஷிகுபோ’ என்னும் போர்நடனத்தின் பெயரைத் தாங்கியது; சுரங்கத்திலிருந்து மீளும் மகயிசா அவர் கவிதையில் இடம்பெறுகின்றான். இனவரைவு நூல் விட்ட இடத்தைக் கவிதை நிரப்பியது. உங்குலானி பா கா கோசாவின் ‘உவலலாப்பி’ (1987) வேறொரு துணிவு. 1985இல் ங்குங்குன்யானேயின் எச்சங்கள் எனக் கொள்ளப்பட்டவற்றை அசோறசிலிருந்து கொணர்ந்து அரசு அவனைத் தேசிய வீரனாகக் கொண்டாடியது; இரண்டாண்டில் வந்த அந்நூல் அவனது கொடுமையை அவன் குடிகளின் பக்கம் நின்று எழுதியது. ஷங்கான் என்னும் பெயரைச் சுமப்போர் அதனை எந்த நினைவோடு சுமக்கின்றனர் என்ற வினா, ஜூனோவிடம் எழாத வினா, அங்கு எழுகின்றது.

இன்று தென்னாபிரிக்க அரசியலமைப்பில் அம்மொழியின் பெயர் ஷிசொங்கா. சிம்பாப்வேயின் 2013ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஷங்கானி. மொசாம்பிக்கில் ஷங்கானா, றொங்கா, த்ஸ்வா எனத் தனித்தனி. எழுத்துக்கூட்டலும் நாட்டுக்கு நாடு வேறு. ‘ஷி’ என்னும் முன்னொட்டின் பன்மை வடிவத்தைக் கியானியில் இருக்கும் பிள்ளையும் ஷாய்-ஷாயில் இருக்கும் பிள்ளையும் ஏறக்குறைய ஒரேவிதமாகவே உச்சரிக்கின்றனர். ஆனால் இருவர் பாடநூலிலும் அது இருவேறு எழுத்துகளால் அச்சிடப்பட்டுள்ளது.